கடைசி வரிவரை படித்தாலும்

மாங்காடு என்றதும் காமாட்சி அம்மன்தான் நினைவுக்கு வருவாள். அதே ஊரில் வெள்ளீஸ்வரரும் இருக்கிறார். வாமனரின் தர்ப்பைப் புல் குத்திக் கண்ணை இழந்த சுக்கிராச்சாரியார் இங்கே வழிபட்டுப் பார்வையைத் திரும்பப் பெற்றார் என்கிறது தலபுராணம். கண்கோளாறு உள்ளவர்கள் இந்தச் சன்னதியில் வேண்டிக்கொள்வது வழக்கம். தாராளமாக வேண்டிக்கொள்ளலாம். ஆனால் போன பார்வையை எந்த மருத்துவராலும் மீட்டுத் தர முடியாத நோய் ஒன்று உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் கிளாக்கோமா, கண் நீர் அழுத்த நோய்.

அழுத்தம் என்றதும், "எனக்கு பி.பி. இல்லையே" என்பார்கள். இது அந்த அழுத்தம் அல்ல. கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து, ஓரத்திலிருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக வடிகிறது. வடிகால் அடைத்தால் என்ன ஆகும் என்பதை மழைக்காலத்தில் நம் தெருக்களே காட்டிவிடும். தேங்கிய நீரின் அழுத்தம், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கொண்ட பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. முதலில் போவது பக்கப் பார்வை. பெரும்பாலும் வலி இருக்காது. நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால், எழுத்துப் பலகையில் அடிவரி வரை படித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவோம். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது கண் பரிசோதனை ஆகாது.

சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன 3,924 பேரைச் சோதித்தார்கள். இந்நோயின் திறந்த கோண வகை 64 பேருக்கு இருந்தது. அதை முன்பே அறிந்திருந்தவர் ஒரே ஒருவர். படித்தவர்களும் ஆஸ்பத்திரிகளும் நிறைந்த சென்னை நகரில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேயும் நோய் இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு அது தெரியவில்லை.

பெரியவர்கள் இதைப் புரை என்று நினைத்து, "முத்தட்டும்" என்று காத்திருப்பதுதான் வேதனை. புரை மறைத்த பார்வை அறுவை சிகிச்சையால் திரும்பும். இதில் இழந்தது இழந்ததுதான். மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்தும் லேசரும் அறுவை சிகிச்சையும். சொட்டு மருந்து போட்டாலும் பார்வை கூடுதலாகத் தெரியாது. அதனாலேயே பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பார்வை இருக்கிறபடியே இருப்பதுதான் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில சொட்டு மருந்துகள் அவர்களுக்கு ஆகாது.

கண் சிவந்தால் மெடிக்கலில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடும் பழக்கமும் இந்நோயைக் கொண்டுவரும். திடீரென்று கடுமையான கண்வலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நாற்பது தாண்டியவர்கள் கண் மருத்துவரிடம், "அழுத்தம் பாருங்கள், நரம்பையும் பாருங்கள்" என்று இரண்டையும் கேளுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவது உண்டு. 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் எட்டாத தூரத்தில் இல்லை. வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தால், அடுத்த முறை அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கையையும் கூடவே அழைத்துப் போங்கள்.