படம் பேசுமா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

அணு என்றதும் அழிவையே நினைப்போர் பலர். அதே அணு நோயைக் காட்டும் விளக்குமாகும் என்று வகுப்பில் படித்தேன். அந்த விளக்கின் ஒளி எங்கள் வீட்டிலும் விழும் என்று நினைக்கவில்லை.

வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர் என் தாயார். சென்ற ஆண்டு மார்பகப் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்தபின், நோய் எலும்புக்குப் பரவியதா என்றறிய ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்துச் சொல்லும் பொறுப்பும் எனக்கே. மூன்று விலா எலும்புகளில் மருந்து மிகுதியாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தது. புற்று பரவிவிட்டதென்று நானே முடிவு கட்டினேன். அன்றிரவு வீட்டில் உலை ஏறவில்லை.

மறுவாரம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “எங்கேயாவது விழுந்தீர்களாம்மா?” என்பதுதான். இரண்டு மாதம் முன்பு அம்மா ஆபீஸ் பஸ் படியில் இடறி விழுந்திருந்தார். அடுத்தடுத்த விலாக்களில் வரிசையாகத் தெரியும் புள்ளிகள் பெரும்பாலும் அடிபட்டதன் அடையாளமே என்றார் அவர். முறிந்த எலும்பு கூடிவருவதை எக்ஸ்ரேயும் உறுதி செய்தது.

காரணம் எளிது. டெக்னீஷியம்-99எம் என்னும் ஐசோடோப்பின் அரை ஆயுள் சுமார் 6 மணி. அதைப் பாஸ்பேட் சேர்மத்தோடு இணைத்து எலும்பைப் படமெடுக்கும் வழியை 1971இல் அமெரிக்காவில் கோபால் சுப்பிரமணியனும் மெக்காஃபியும் வெளியிட்டனர். புது எலும்பு உருவாகுமிடத்தில் அம்மருந்து அதிகம் சேரும். முறிவு, மூட்டுத் தேய்மானம், கிருமித் தொற்று, புற்று ஆகிய நான்குமே படத்தில் கரும்புள்ளியாகலாம். இங்கே ஏதோ நடக்கிறது என்று படம் சொல்லும். என்ன நடக்கிறது என்பதை நோயாளியின் வாழ்க்கைதான் சொல்ல வேண்டும்.

ஆகவே என் கருத்து இது: ஸ்கேனுக்கு முன்பே விழுந்தது, அடிபட்டது, பழைய நோய் அனைத்தையும் கேட்டு எழுதவேண்டும். முடிவுத்தாளில் நான்கு வரி தமிழும் வேண்டும். தமிழில் சொன்னால் நோயாளி அஞ்சுவார் என்பர் சிலர். அரைகுறையாகப் புரிந்த ஆங்கிலம் தந்த அச்சத்தை எங்கள் வீடு அறியும்!

நண்பர்களே, குறை என்னிடமும் உண்டு. அரை ஆயுளைக் கணக்கிடத் தெரிந்த எனக்கு, அருகிலிருந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. கேட்கக் கற்பதும் கல்வியே.