வீட்டு விலாசம் விற்பனைக்கு!

ஒருவருடைய பெயர் தெரிந்தால் போதும். அவர் எங்கே குடியிருக்கிறார், வயது என்ன, டெலிபோன் நம்பர் என்ன, சொந்தக்காரர்கள் யார் யார் என்று அத்தனையும் கிடைத்துவிடும்!

அமெரிக்காவில் இது ஒரு வியாபாரம். "ஆள் தேடும் தளங்கள்" என்ற பெயரில் பல கம்பெனிகள் இதை இன்டர்நெட்டில் நடத்துகின்றன. கொஞ்சம் விவரம் இலவசம். மீதிக்குக் காசு.

எப்படிக் கிடைக்கிறது?

இது திருட்டு அல்ல. வீடு வாங்கியவர் பெயர் சர்க்கார் பதிவேட்டில் இருக்கிறது. வாக்காளர் பட்டியல் இருக்கிறது. கோர்ட்டு ரிக்கார்டு இருக்கிறது. மற்றக் கம்பெனிகளிடம் விலைக்கு வாங்குவதும் உண்டு. தனித்தனியாக இருந்தால் இவை வெறும் காகிதம். ஒன்றாகச் சேர்ந்தால் பகைவனுக்கு வழிகாட்டி!

மகனை இழந்த தாய்

எஸ்தர் சாலாஸ் என்பவர் நியூஜெர்சியில் மத்திய கோர்ட்டு நீதிபதி. 2020-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, பார்சல் கொண்டு வருபவன் போல ஒருவன் அவர் வீட்டுக்கு வந்தான். கதவு திறந்ததும் சுட்டான். நீதிபதியின் ஒரே மகன் டேனியல் இறந்தான். வயது 20. கணவர் படுகாயம் அடைந்தார்.

சுட்டவன் ஒரு வக்கீல். அவருடைய கோர்ட்டில் வழக்கு நடத்தியவன். அந்தக் குடும்பத்தின் விவரங்களை முன்னதாகவே திரட்டி வைத்திருந்தான்.

அந்தத் தாய் சட்டம் கேட்டுப் போராடினார். அதே ஆண்டு நவம்பரில் நியூஜெர்சியில் "டேனியல் சட்டம்" வந்தது. நீதிபதிகளும் போலீசாரும் கேட்டுக்கொண்டால் அவர்களுடைய விலாசத்தை வெளியிடக்கூடாது. மத்திய கோர்ட்டு நீதிபதிகளுக்காக 2022 டிசம்பரில் தனிச் சட்டம் வந்தது.

மற்றவர்களுக்கு?

அடிக்கும் கணவனிடம் இருந்து தப்பி, வேறு ஊரில் ஒளிந்து வாழும் பெண்ணுக்கு யார் காவல்?

அவள் ஒவ்வொரு தளமாகத் தேடவேண்டும். தன் பெயர் உள்ள பக்கத்தைக் கண்டுபிடித்து, "நீக்குங்கள்" என்று மனுப் போடவேண்டும். நீக்கிய பெயர் சில மாதங்களில் மறுபடியும் முளைக்கலாம். அதனால் அடிக்கடி பார்க்கவேண்டும்.

இந்தத் தொல்லையைக் குறைக்கக் கலிபோர்னியா 2023-ல் ஒரு சட்டம் செய்தது. அங்கே வசிப்பவர் அரசிடம் ஒரே மனுக் கொடுத்தால் போதும். பதிவு செய்துள்ள எல்லா விவர வியாபாரிகளையும் அது கட்டுப்படுத்தும். மனு வாங்குவது 2026 ஜனவரி 1-ந் தேதி தொடங்கியது. ஆகஸ்டு 1-ந் தேதி முதல், 45 நாளுக்கு ஒருமுறை வியாபாரிகள் மனுக்களைப் பார்த்து விவரங்களை நீக்கவேண்டும். தவறினால், ஒரு மனுவுக்கு நாள் ஒன்றுக்கு 200 டாலர் அபராதம்.

ஆனால் சர்க்கார் பதிவேடுகளில் இருந்து எடுத்த விவரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. கொல்லைக் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது!