எழுமலைக்குக் கொம்பு எந்தப் பக்கம்?

எங்க ஊரு எழுமலை. மதுரை மாவட்டத்துல உசிலம்பட்டிப் பக்கம். பேருல நாலே எழுத்துதான். இந்த நாலு எழுத்தை ஒழுங்கா ஒரு படத்துல வரைஞ்சு தர்றதுக்கு இன்னைக்கும் பல டெம்ப்ளேட்டுகளுக்கு வக்கில்லை மக்களே.

பேரைத் தட்டினா வாழ்த்து அட்டை, சான்றிதழ், இடுகைத் தலைப்போட முகப்புப் படம்னு அப்பப்போ உருவாக்கித் தர்ற டெம்ப்ளேட்டுகளைத்தான் சொல்றேன். அப்படி ஒண்ணுல ஊர்ப் பேரைக் கொடுத்தேன். ழகரம் ஒரு பக்கம் நிக்குது, அதோட உகரக் குறி தனியாத் தொங்குது. லகரத்துக்கு முன்னாடி வர வேண்டிய சங்கிலிக்கொம்பு பின்னாடி போய் ஒட்டிக்கிட்டிருக்கு. செஞ்சவங்களைக் கேட்டா, "தமிழ் கொஞ்சம் காம்ப்ளிகேட்டட் சார், ஃபாண்ட் ப்ராப்ளம்"ங்கிறாங்க.

இந்தப் பதில்தான் பத்திக்கிட்டு வருது. தமிழ் மேலயும் தப்பில்லை, எழுத்துரு மேலயும் தப்பில்லை. அதே சொல்லு, அதே எழுத்துருவுல, வலைப்பக்கத்துல சரியாத் தெரியுதே! படத்துல மட்டும் ஏன் உடையுது?

யூனிகோடுல "லை"ங்கிறது முதல்ல ல, அப்புறம் ஐகாரக் குறின்னுதான் சேமிக்கப்படுது. வரையும்போதுதான் குறியை முன்னாடி கொண்டு வரணும். உகரம் சேர்ந்தா எழுத்தோட வடிவத்தையே மாத்தணும். க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள்ல இந்த வேலையை ஹார்ஃப்பஸ்ங்கிற நிரல் பாத்துக்குது. வழங்கியில படம் வரையற பழைய ஜிடி மாதிரி நிரல்கள் ஃப்ரீடைப்பை மட்டும் நம்பி இருந்துச்சு. ஃப்ரீடைப் ஒவ்வொரு எழுத்தோட உருவத்தைத் தரும், அவ்வளவுதான். இடம் மாத்துறது அதோட வேலை இல்லை. அதனால வந்த வரிசையிலயே வரைஞ்சு தள்ளிடுது.

ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. "உசிலம்பட்டி"கூட ஓரளவு தப்பிச்சிடும், அதுல முன்னாடி போற கொம்பே இல்லை. மதுரையும் பேரையூரும் தப்பாது.

அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க யூனிகோடைத் திஸ்கிக்கு மாத்தி, திஸ்கி எழுத்துருவால படம் வரைஞ்சு சமாளிச்சாங்க. திஸ்கியில கண்ணுக்குத் தெரியுற வரிசையிலயே எழுத்து இருக்கும், அதனால உடையாது. வேற வழி இல்லாதப்போ அது கெட்டிக்காரத்தனம்தான்.

இப்போ அந்தச் சாக்குக்கும் இடமில்லை. பைத்தான்ல படம் வரையற பில்லோவுக்கு 2017-லயே ராக்ம் நூலகத்தோட துணை வந்தாச்சு. ஜிடிக்கு 2020-ல 2.3 பதிப்புல வந்தாச்சு. ராக்ம் உள்ளுக்குள்ள அந்த ஹார்ஃப்பஸைத்தான் கூப்பிடுது. ஆனா வழங்கியில அதைச் சேர்த்து நிறுவியிருக்கணும். இல்லைன்னா பில்லோ ஒரு வார்த்தை முணுமுணுக்காம பழையபடி உடைச்சே வரைஞ்சு கொடுத்திடும். பிழைச்செய்தி வராததால நிரலர் நிம்மதியாத் தூங்குவாரு. இது சரிவராதா? எழுத்தை உலாவியிலயே வரையவிட்டு அதைப் படமாப் புடிச்சுக்கலாம். ஆக, வழி இல்லாம இல்லை. தமிழ்ல ஒரு தடவை சோதிச்சுப் பாக்க மனசில்லை.

நம்ம பதிவர்களையும் சும்மா விட முடியாது. எழுத்து உடையுதேன்னு முழுக் கவிதையையும் படமாப் போடுறவங்க இருக்கீங்க. அதைத் தேடுபொறி ஒழுங்காப் படிக்காது. பார்வையில்லாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டுற திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். எழுத்தா இருக்க வேண்டியது எழுத்தாவே இருக்கட்டும். படம் வேணும்னா மாற்று உரையையும் சேர்த்துப் போடுங்க.

பேரு சரியா வர்றதுங்கிறது அலங்காரம் இல்லைங்க. சான்றிதழ்ல பேரு உடைஞ்சிருந்தா, அதை வாங்குறவரு அதைச் சட்டம் போட்டு மாட்டுவாரா?

யாராச்சும் டெம்ப்ளேட் செஞ்சு குடுத்தா மூணே மூணு சொல்லைத் தட்டிப் பாருங்க: எழுமலை, மதுரை, கொடைக்கானல். மூணும் உடையாம வந்தாத்தான் காசை எடுக்கணும். தமிழ் கஷ்டம்னு எவராச்சும் ஆரம்பிச்சா, ராக்ம் நிறுவியாச்சான்னு கேளுங்க. அதுக்கப்புறம் பேச்சு தன்னால குறையும் :-)