பட்டதும் வலிக்காது... ராத்திரியில் எலும்பை தின்னும்! வெல்டிங் பட்டறை 'பேஸ்ட்'டில் ஒளிந்திருக்கும் ஆசிட்

அரிமளம்:-

ஆசிட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாத்ரூம் கழுவும் ஆசிட்தான். கையில் பட்டால் சுரீர் என்று எரியும். உடனே தண்ணீரில் கையை விட்டு விடுவோம். ஆனால் பட்டதே தெரியாமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு படுத்த பிறகு உயிர் போகிற மாதிரி வலிக்க வைக்கும் ஆசிட் ஒன்று இருக்கிறது. அதுதான் ஹைட்ரோபுளோரிக் ஆசிட்.

இது எங்கேயோ பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். எவர்சில்வர் கேட், மாடிப்படி கைப்பிடி, டேங்க் செய்யும் இடங்களில் வெல்டிங் வைத்த பகுதி கருத்துப் போய் இருக்கும். அந்த கறையை எடுக்க பிரஷ்சில் தொட்டு ஒரு பேஸ்ட் தடவுவார்கள். பிக்ளிங் பேஸ்ட் என்று பெயர். அதில் நைட்ரிக் ஆசிட்டோடு இந்த ஹைட்ரோபுளோரிக் ஆசிட்டும் கலந்திருக்கிறது. துரு நீக்கும் மருந்து, ஏ.சி. மெஷின் கழுவும் மருந்து சிலவற்றிலும் இது உண்டு. வெல்டர் வேலைக்கு திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிற நம்ம ஊர் பசங்களுக்கு இது அன்றாடம் புழங்கும் பொருள்.

கண்ணாடியையே அரிக்கும் ஆசிட் இது. அதனால் பிளாஸ்டிக் கேனில்தான் வரும். கண்ணாடியில் பூ வேலைப்பாடு செய்வதும் இதை வைத்துத்தான்.

மற்ற ஆசிட் தோலை பொசுக்கும். இது தோலுக்குள் புகுந்து, எலும்பு வரை இறங்கி, உடம்பில் உள்ள கால்சியத்தை பிடித்துக்கொள்ளும். காரம் அதிகம் என்றால் பட்டவுடனே வலிக்கும். காரம் குறைந்த சரக்கு என்றால் 24 மணி நேரம் வரைகூட வலி தெரியாமல் இருக்கலாம். ஆபத்தே அங்குதான். மேலே பார்த்தால் லேசான சிவப்புதான் இருக்கும். உள்ளே விரல் செத்துக்கொண்டிருக்கும். காரமான ஆசிட் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு, மூன்று மடங்கு இடத்தில் பட்டாலே ரத்தத்தில் கால்சியம் இறங்கி, இதயம் நின்று போகும் அபாயம் உண்டு.

சரி, மருந்து என்ன? இங்குதான் நமக்கு கோபம் வருகிறது. மருந்து தங்க விலை இல்லை. கால்சியம் குளூக்கோனேட். பிரசவ வார்டில் ஜன்னி கண்ட தாய்மாருக்கு மெக்னீசியம் ஊசி போடும்போது, முறிவு மருந்தாக பக்கத்தில் தயாராக வைத்திருப்பார்களே, அதே ஊசி மருந்துதான். அதில் ஒரு பங்கு, தண்ணீரில் கரையும் வழவழப்பு ஜெல்லி மூன்று பங்கு கலந்தால் 2.5 சதவீத ஜெல் ரெடி.

கையில் பட்டால் உடனே மோதிரம், வாட்சை கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஜெல் கைவசம் இருந்தால் 5 நிமிடம் போதும். இல்லாவிட்டால் 15, 20 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு ஜெல்லை தேய்க்க வேண்டும். தேய்த்து விடுபவர் கையுறை போடாமல் தொடக்கூடாது. விரல் என்றால் ரப்பர் கையுறைக்குள் ஜெல்லை நிரப்பி கையை உள்ளே விட்டு வைக்கலாம். வலி நிற்கும் வரை மாற்றி மாற்றி போட வேண்டும். வலி குறைகிறதா என்பதை வைத்துத்தான் மருந்து வேலை செய்வதே தெரியும். அதனால் மரத்துப்போகும் ஊசியை எடுத்தவுடன் போடுவதை டாக்டர்கள் தவிர்ப்பார்கள். வலி அடங்காவிட்டால் ரத்தக்குழாய் வழியாகவும் இதே மருந்தை செலுத்துவார்கள். இ.சி.ஜி. எடுத்து இதயத்தையும் கவனிப்பார்கள். கண்ணில் பட்டாலோ புகையை சுவாசித்தாலோ கழுவியபடியே 108-ஐ கூப்பிட வேண்டியதுதான்.

பட்டறையில் போய் இது என்ன என்று கேட்டால் பேஸ்ட் என்பார்கள். ஆஸ்பத்திரியில் போய் ஆசிட் பட்டுடுச்சு சார் என்று மட்டும் சொன்னால், சாதாரண ஆசிட் என்று நினைத்து களிம்பு தடவி அனுப்பி விட வாய்ப்பு இருக்கிறது. பெயர் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு கொடுமை நடந்தது. 1982-ம் ஆண்டு ஹச்சியோஜி நகரில் 3 வயது சிறுமிக்கு பல் சொத்தை வராமல் இருக்க சோடியம் புளோரைடு தடவ வேண்டும். பெயர் குழப்பத்தில் வந்து சேர்ந்தது ஹைட்ரோபுளோரிக் ஆசிட். டாக்டரும் தெரியாமல் தடவி விட்டார். சிறுமி துடிதுடித்து இறந்து போனாள்.

தென்கொரியாவில் குமி நகரில் 2012-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி இதே சரக்கு 8 டன் கசிந்ததில் 5 பேர் பலியானார்கள். ஊரில் பயிர் பச்சையெல்லாம் கருகியது.

நம்ம மாநிலத்திலும் இதன் புழக்கம் கூடிக்கொண்டுதான் போகிறது. கடலூர் சிப்காட்டில் இந்த ஆசிட் தயாராகிறது. நெல்லை மாவட்டம் கங்கைகொண்டானில் 2024-ம் ஆண்டு முதல் சோலார் செல் தயாராகிறது. சோலார் செல்லுக்கான சிலிக்கான் தகடுகளை கழுவுவதற்கு இந்த ஆசிட்டைத்தான் பயன்படுத்துவார்கள். பெரிய தொழிற்சாலையில் சேப்டி ஆபீசர் இருப்பார். நாலு பேர் வேலை பார்க்கும் பட்டறையில் யார் இருக்கிறார்கள்? முதலாளிக்கே அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்பது சந்தேகம்தான். ஆயிரக்கணக்கில் பேஸ்ட், ராடு வாங்கும் முதலாளிகள் ஒரு டப்பா ஜெல் வாங்கி வைத்தால் சொத்து அழிந்துவிடாது. தொழிலாளர் துறை அதிகாரிகளும் பட்டறைகளில் ஏறி டப்பாவை திருப்பிப் பார்க்கலாம்.

அரிமளத்தில் இருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கு பஸ்சில் போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கை தாங்க வேண்டும். வேலைக்கு போனதும் பேஸ்ட் டப்பாவின் லேபிளை செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த போட்டோவை டாக்டரிடம் காட்டி, இதுல ஹைட்ரோபுளோரிக் ஆசிட் இருக்கு சார், கால்சியம் குளூக்கோனேட் இருக்கா என்று கேளுங்கள்.