அன்னதானக் கணக்கை யார் போட்டது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவங்க படிங்க. இதைக் கோவில் வாட்சப் குரூப்பில்தான் முதலில் போட்டேன். "இதெல்லாம் இங்க வேணாம் அண்ணே, கூட்டத்துல பேசிக்கலாம்"னு சொல்லி அழிச்சிட்டாங்க. அதனால இங்கே எழுதுறேன். கோவில் பேரையும் யார் பேரையும் எழுத மாட்டேன். பட்டர்வொர்த் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஏன்னா இது இப்போ பல கோவில்ல நடக்குற கதைதான்.

இந்த வருஷ ஆடித் திருவிழாவில் மதியம் 1.40க்கு சோறு தீர்ந்து போச்சு. வரிசையில் இன்னும் ஒரு 200 பேர் நிக்கிறாங்க. அதுல முக்கால்வாசிப் பேர் நம்ம பிறை தொழிற்பேட்டையில வேலை செய்யுற நேப்பாளத்துப் பையன்கள். வரிசைக் கடைசியில் போய் நின்னு "சோறு முடிஞ்சு போச்சு"ன்னு சொல்ற வேலை எனக்கு. 30 வருஷமா அந்தக் கோவில்ல தொண்டு செய்யுறேன், இப்படி ஒரு வேலை எனக்குக் கிடைச்சதே இல்லை. அந்த வரிசையில் ஒரு பையன் என் லைன்ல வேலை செய்யுறவன். நைட் ஷிப்ட் முடிச்சு, ஹாஸ்டல்ல தூங்கி எழுந்து, குளிச்சு, நெத்தியில குங்குமம் வச்சிக்கிட்டு வந்திருக்கான். என்னைப் பார்த்து "தாப்பா போஸ்"னு சிரிச்சிட்டுப் போயிட்டான். மெகி கிண்டிச் சாப்பிட்டிருப்பான். மறுநாள் வேலையில அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு.

சரி, எப்படி நடந்துச்சு? மே மாசம் கூட்டத்துல செயலாளர் தம்பி புரொஜெக்டர் போட்டு ஒரு திட்டம் காட்டினார். 14 பக்கம். யார் எந்த நேரத்துல எங்க நிக்கணும், எத்தனை கூடாரம், எத்தனை நாற்காலி, எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எல்லாம் கட்டம் கட்டமா இருந்துச்சு. முழுக்க ஏஐ போட்டுக் கொடுத்ததுன்னு சொன்னார். ரெண்டு நாள்ல முடிஞ்சதாம். நாங்க ஆறு வாரம் உட்கார்ந்து சண்டை போட்டுத் தயார் பண்ற விஷயம் அது. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அதை மறைக்க மாட்டேன்.

அந்தத் திட்டத்துக்கு அவர் என்ன கொடுத்தார்? போன வருஷக் கணக்கு அறிக்கை, இந்த வருஷம் கூகள் பாரத்துல பேர் பதிஞ்சவங்க பட்டியல். பேர் பதிஞ்சது 870 பேர். ஏஐ அதுல கொஞ்சம் கூட்டி 1,200 பேர்னு போட்டுச்சு. 100 பேருக்கு 10 கிலோ அரிசி, ஆக 120 கிலோ, 12 பை. போன வருஷ அறிக்கையில் அரிசி வாங்கின பில் 9 பைக்குத்தான் இருக்கு. அதனால 12 பைன்னு பார்த்ததும் தாராளமாப் போட்டிருக்குன்னு எல்லாருக்கும் தோணிச்சு.

ஆனா போன வருஷம் பொங்கினது 9 பை இல்லைங்க. 19 பை. மிச்சம் 10 பை உபயமா வந்தது. ஒருத்தர் லோரியில கொண்டாந்து இறக்கிட்டுப் போவார், ஒருத்தர் மகனுக்கு வேலை கிடைச்சதுக்குக் கொடுப்பார், இன்னொருத்தர் பேரே சொல்ல மாட்டார். பில் இல்லாததால பொருளாளர் கணக்குல அது ஏறவே ஏறாது. அது எங்க எழுதியிருக்கும் தெரியுமா? நம்ம அடுக்களைப் பெரியம்மாவோட 555 புத்தகத்துல. மளிகைக் கடையில கடன் எழுதுற அந்தச் சின்ன நோட்டு. யார் எத்தனை பை, எத்தனை மணிக்கு முதல் பந்தி, எத்தனை அண்டா மிஞ்சிச்சு, மழை பேஞ்சுதா, பக்கத்துக் கோவில்ல அதே நாள் விழாவா, எல்லாம் அதுல இருக்கு. தோட்டத்துல கோவில் இருந்த காலத்துலேர்ந்து எழுதிட்டு வர்றாங்க.

100 பேருக்கு 10 கிலோன்னு ஏஐ சொன்னது தப்பு இல்லை. பெரியம்மாவும் அதையேதான் சொல்வாங்க. ஆனா கூடவே ஒண்ணு சொல்வாங்க: "ஷிப்ட் பசங்களுக்கு 15 போடு, அவனுங்க காலையில ஒண்ணும் தின்னிருக்க மாட்டானுங்க." அந்தப் பையன்கள் கூகள் பாரத்துல பேர் பதிய மாட்டாங்க. அந்தப் பாரம் இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. அம்மனை மாதான்னு கும்பிட்டு, அஞ்சு வெள்ளி உண்டியல்ல போட்டு, ஒரு மணிக்கு மேல வந்து உட்காருவாங்க. எந்தப் பட்டியல்லயும் இல்லாதவங்க அவங்க. அன்னதானம் வச்சதே அப்படிப்பட்டவங்களுக்குத்தானே?

பெரியம்மாவை ஏன் கேட்கலை? திட்டத்துல அவங்க பேருக்கு நேரா "மூத்தோர், ஓய்வு"ன்னு இருந்துச்சு. வயசு 71. ஏஐ மரியாதையாத்தான் போட்டிருக்கு. சமையலுக்கு வெளியே இருந்து நாலு பேரைக் கூலிக்குப் பேசியாச்சு. அரிசி உபயம் கொடுக்க வழக்கமாப் போன் பண்றவர் ஒருத்தருக்கு "ஃபார்ம் நிரப்புங்க அண்ணே"ன்னு பதில் போயிருக்கு. அவர் நிரப்பலை, அரிசியும் வரலை. விழா அன்னிக்கு விஷயம் கேள்விப்பட்டுப் பெரியம்மா வீட்டுலேர்ந்து வந்து, கடையில ரவை வாங்கிட்டு வரச் சொல்லி, ஒரு மணி நேரத்துல ரெண்டு அண்டா உப்புமா கிண்டினாங்க. அதுக்குள்ள பாதிப் பேர் போயிட்டாங்க. அவங்க ஒரு வார்த்தை யாரையும் திட்டலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

இப்போ சிலர் சொல்றாங்க, அண்ணனுக்கு வயசாச்சு, டெக்னாலஜி பிடிக்கலைன்னு. தம்பிங்களா, எனக்கு அது பிடிக்காம இல்லை. நான் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும். போலீசுக்கும் மாநகர் மன்றத்துக்கும் ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டு மலாய்ல கடிதம் எழுத எனக்கு ரெண்டு ராத்திரி ஆகும். இப்போ சேட்ஜிபிடி அஞ்சு நிமிஷத்துல எழுதிக் கொடுக்குது, என் மலாயை விட நல்லாவே எழுதுது. சாலை மூடுற நேரம், மாற்று வழி எல்லாம் ஒழுங்கா வரிசைப்படுத்திக் கொடுத்துச்சு. செயலாளர் தம்பி வேலை முடிச்சு வந்து ராத்திரி 12 மணி வரைக்கும் தனியா உட்கார்ந்து இந்தக் கடுதாசி வேலையெல்லாம் பார்த்தவர். அவருக்கு உதவ எத்தனை பேர் போனோம்? நானும் போகலை. அந்தப் பாரம் குறைஞ்சதுல எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனா இன்னொரு விஷயமும் நடந்துச்சு. திட்டத்துல அம்மன் ரதம் புறப்படுற நேரம் மாலை 6.15. பக்கத்துலயே "ராகு காலம் 4.30 முதல் 6.00, தவிர்க்கப்பட்டது"ன்னு எழுதியிருக்கு. குருக்கள் அதைப் பார்த்துட்டுச் சிரிச்சிட்டார். அது தமிழ்நாட்டுக் காலண்டர் நேரம். ராகு காலம் சூரிய உதயத்தை வச்சுக் கணக்குப் பண்றது. நம்ம பக்கம் ஆடி மாசத்துல ஏழு மணிக்கு மேலதான் சூரியன் உதிக்கும், சாயங்காலம் ஏழரை சுமாருக்குத்தான் மறையும். பகலை எட்டாப் பிரிச்சா, ஞாயித்துக்கிழமை கடைசிப் பங்கு ஆறு மணியிலேர்ந்து ஏழரை வரைக்கும் வருது. அதாவது ராகு காலத்தைத் தவிர்க்கிறேன்னு சொல்லி, சரியா ராகு காலத்துல அம்மனை வெளியே கொண்டு வர நேரம் குறிச்சிருக்கு! நல்லவேளை, குருக்கள் கையில ஒரு பிரதி போச்சு, நேரத்தை மாத்தினோம். அரிசிக் கணக்கும் அதே மாதிரி அடுக்களைக்கு ஒரு தடவை போயிருந்தா பெரியம்மா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க.

போஸ்டரைப் பத்தியும் சொல்லிடுறேன். நம்ம அம்மன் கருவறையில எப்படி இருக்கா? கறுப்புக் கல்லு, உருண்டை முகம், கையில உடுக்கை, சூலம். போஸ்டர்ல வந்தது யாரு? வட இந்திய சீரியல் கதாநாயகி. வெள்ளை வெளேர்னு முகம், ஒரு கையில ஆறு விரல். வேப்பிலைன்னு போட்டிருக்கிறது எந்த மரத்து இலைன்னு எனக்குத் தெரியலை. படத்துக்குள்ள தமிழ்னு சொல்லிக் கோடு கோடா ஏதோ கிறுக்கி இருக்கு, அது எந்த மொழியும் இல்லை. 2025-ல நம்ம ஜாலூர் கெமிலாங்கைப் பிறை இல்லாமலும் நட்சத்திரம் தப்பாவும் போட்டதுக்கு நாடே கொதிச்சது, சரிதான், கொதிக்க வேண்டியதுதான். கொடிக்கு அவ்வளவு கவனம் கேட்கிற நாம, அம்மனுக்கு ஆறு விரல் போட்டு 500 பிரதி அடிச்சு ஒட்டுறோம். வருஷா வருஷம் நமக்குப் போஸ்டர் வரைஞ்சு கொடுத்த அச்சகத் தம்பிக்கு இந்த வருஷம் ஒரு போன் கூடப் போகலை. அவருக்கு நாம கொடுத்தது 150 வெள்ளி. அவ்வளவுதான் மிச்சம் பிடிச்சது.

கல்யாண வேலை எடுக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, இதேதான். என் மச்சான் மணவறை அலங்காரம் செய்யுறார். பொண்ணு வீட்டுல ஏஐ போட்ட படத்தைக் காட்டி இப்படியே வேணும்னு கேட்கிறாங்களாம். அந்தப் படத்துல தூணே இல்லாம மேல பூப்பந்தல் தொங்குது. எதுல கட்டித் தொங்கவிடுறதுன்னு இவர் கேட்டா, உங்களுக்கு வேலை தெரியலைங்கிறாங்க.

நான் தொழிற்சாலையில சூப்பர்வைசர். எங்க லைன்ல கேமரா வச்சுப் பழுது பார்க்கிற மெஷின் வந்துச்சு. அதுவும் ஏஐதான். வந்த அன்னிக்கே ஆளை எடுத்துட்டு அதை உட்கார வைக்கலை. மூணு மாசம் மெஷினும் பார்த்துச்சு, பக்கத்துல கண்ணால பார்க்கிற அக்காங்களும் பார்த்தாங்க. ரெண்டும் எங்க ஒத்துப்போகலைன்னு தினமும் எழுதினோம். வெளிச்சம் மாறினா அது ஏமாந்து போகும்னு கண்டுபிடிச்சதே அந்த அக்காங்கதான். இன்னிக்கும் ஒவ்வொரு ஷிப்ட்லயும் முதல் பீஸை ஒரு மனுஷன் பார்த்துக் கையெழுத்துப் போட்டாதான் லைன் ஓடும். ஒரு சின்ன பிளாஸ்டிக் சாமானுக்கு இவ்வளவு முறை இருக்கு. ஆயிரத்துக்கு மேல ஜனம் சாப்பிடுற சாப்பாட்டுக்கு யார் கையெழுத்து? 14 பக்கத்துல ஒரு இடத்துல கூட இல்லை.

"மனுஷன் போட்டாலும் தப்பு வரும்தானே"ன்னு பொருளாளர் கேட்டார். வரும். ஒரு வருஷம் பெரியம்மா கணக்குத் தப்பி மூணு அண்டா சாம்பார் மிஞ்சிப் போச்சு. அன்னிக்குக் கூட்டத்துல எல்லாரும் கேள்வி கேட்டோம், அவங்க எழுந்து நின்னு "என் தப்புதான்"னாங்க. அடுத்த வருஷம் 555 புத்தகத்துல அது சிவப்புப் பேனாவுல ஏறிடுச்சு. இந்த வருஷம் கேட்டா என்ன பதில்? "சிஸ்டம் அப்படிக் காட்டுச்சு." சிஸ்டம் எழுந்து நிக்குமா?

தொண்டர்கள் விஷயத்தையும் விட மாட்டேன். முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் போன் போடுவோம். "தம்பி, அப்பாவுக்கு இப்போ உடம்பு எப்படி? ஞாயித்துக்கிழமை தண்ணீர்ப் பந்தல் நீ பார்த்துக்கிறியா?" அந்த ஒரு போனுக்காகவே வர்ற பையன்கள் உண்டு. இந்த வருஷம் எல்லாருக்கும் ஒரு மெசேஜ்: உங்கள் பணி, நேரம், இடம். கீழே கட்டை விரல் போட்டு உறுதி செய்யவும். 64 பேர் கட்டை விரல் போட்டாங்க. வந்தது 37 பேர். தலையை எண்ணினவன் நான். போன் போட்டுக் கேட்டவன்கிட்ட வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கக் கஷ்டமா இருக்கும். மெசேஜுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

அதனால வர்ற ஞாயிறு கூட்டத்துல நான் கேட்கப் போறது இதுதான், இப்போவே சொல்லிடுறேன், யாரும் முதுகுக்குப் பின்னால பேசினேன்னு சொல்ல வேண்டாம். கடிதம், நேர அட்டவணை எல்லாம் ஏஐ போடட்டும். ஆனா சாப்பாட்டுக் கணக்கு அடுக்களைக்குப் போகணும், நேரம் குருக்களுக்குப் போகணும், போஸ்டர் அச்சகத் தம்பிக்குப் போகணும், அவங்கவங்க கையெழுத்து இல்லாம ஒண்ணும் வெளியே போகக் கூடாது. உபயமா வர்ற ஒவ்வொரு பை அரிசியும் கணக்கு அறிக்கையில ஏறணும், பில் இல்லாட்டியும். அப்புறம் பக்தர்களோட பேர், நட்சத்திரம், போன் நம்பர் இருக்கிற அர்ச்சனைப் பட்டியலைத் தூக்கி எந்த ஏஐக்குள்ளயும் போடக் கூடாது. இந்த வருஷம் போட்டீங்களான்னு கேட்டேன், இன்னும் பதில் வரலை.

செயலாளர் தம்பியை மாத்தணும்னு நான் கேட்கலை. அப்படி யாராவது கேட்டா எதிர்த்துப் பேசுறவன் நானாத்தான் இருப்பேன். அடுத்த வருஷம் அவர் உட்கார்ற மேசையில பக்கத்து நாற்காலி எனக்கு, கடுதாசி வேலையில பாதி என்னோடது. மெஷினுக்குப் பாதி, எனக்குப் பாதின்னு வச்சுக்கலாம்.

நேத்து பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். 555 புத்தகம் மொத்தம் 23 இருக்கு, மைலோ டின்ல போட்டு வச்சிருக்காங்க. சிலது கரையான் அரிச்சிருக்கு. போட்டோ எடுத்துக்கவான்னு கேட்டேன். "எதுக்குடா, எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே"ன்னாங்க. அப்புறம் எடுத்துக்கச் சொன்னாங்க. 11 புத்தகம் முடிச்சிருக்கேன். கையெழுத்துப் புரியாத இடத்தைப் படிச்சுச் சொல்லப் பழைய தோட்டத்து ஆளுங்க யாராவது இருந்தா கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே வாங்க. கூட்டம் காலை 10 மணி, நான் 8 மணிக்கே சமையல் கட்டுப் பக்கம் இருப்பேன்.