அருவிக்கரையில் ஒரு பாடம்

நுழையும்முன்

பெற்றோருடன் ஊர் காணச் செல்வது இளமையின் இனிய நினைவுகளுள் ஒன்று. அப்பயணத்தில் பிள்ளைகள் மலையையும் அருவியையும் மட்டும் காண்பதில்லை. அவற்றின்முன் பெற்றோர் நடந்துகொள்ளும் முறையையும் சேர்த்தே காண்கின்றனர். குற்றாலப் பயணம் ஒன்றை முன்வைத்து அதன் பொருளை ஆராய்கிறது இக்கட்டுரை.

எண்ணிக்கைப் பயணம்

ஆடி மாதத்துக் காலை. சென்னையிலிருந்து வந்த பொதிகை விரைவு வண்டி தென்காசியில் நிற்கிறது. ஒரு தாயும் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் அவர் மகளும் இறங்குகின்றனர் எனக் கொள்ளலாம். மேற்கே மலைமுகட்டில் மேகம் படிந்திருக்கிறது. முகத்தில் சாரல் படுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் குற்றாலம்.

பெரும்பாலோரின் பயணம் இதற்குப்பின் ஒரே வகையாக நடைபெறுகிறது. பேரருவியில் ஒரு குளியல். ஐந்தருவியில் ஒரு குளியல். பழைய குற்றாலத்திலும் புலியருவியிலும் கைப்பேசியில் சில படங்கள். கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புத்தானும். மாலையில் திரும்பும்போது கண்ட இடங்களின் எண்ணிக்கை கூடியிருக்கும். கண்டவற்றைப் பற்றிய அறிவு கூடியிருக்குமா என்பதே வினா.

ஒரு வினாவும் அதன் வழியும்

ஒரே ஓர் அருவியின்முன் சிறிது நேரம் நின்றாலும் போதும். வினாக்கள் தாமே பிறக்கும். “அம்மா, இங்கே மழையே இல்லையே, இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று மகள் கேட்கக்கூடும். அவ்வினாவை அலட்சியம் செய்யாத தாய், அன்றைய பயணத்தின் முதல் ஆசிரியர் ஆகிறார்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேற்குச் சரிவில் பெருமழையாகப் பொழிகிறது. ஆரியங்காவுக் கணவாயின் வழியே கிழக்கே நுழையும் ஈரக்காற்றுதான் குற்றாலத்தில் சாரலாகத் தூவுகிறது. மேலேயுள்ள காடு மழைநீரை வேரிலும் மண்ணிலும் தேக்கிச் சிறுகச் சிறுக விடுவிக்கிறது. தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் இறங்கிவரும் நீர், பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து பொங்கிப் பேரருவியாகக் கீழே வீழ்கிறது. அங்கும் அதன் பயணம் முடிவதில்லை. சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடி, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியுடன் கலக்கிறது.

இவ்வழியை அறிந்த மகளுக்கு அருவி வெறும் குளிக்கும் இடம் அன்று. மலைக்கும் மருதநிலத்துக்கும் இடையே நீர் கடக்கும் ஒரு படி. தன் தலையில் விழுந்த நீர் நாளை யாரோ ஒருவரின் வயலுக்குச் செல்லும் என்பதை அவள் உணர்வாள். எண்ணெய், வழலைக்கட்டி, சீயக்காய், ஷாம்பு ஆகியவற்றை அருவியில் பயன்படுத்தலாகாது என்பதற்கு வேறு விளக்கம் அவளுக்குத் தேவைப்படாது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக்கிளை அவற்றுக்குத் தடை விதிக்க வேண்டியிருந்தது என்பது, நம் பயணங்கள் எவ்வாறு நடைபெற்று வந்துள்ளன என்பதற்குச் சான்று.

பிள்ளைகள் காண்பது எதை?

பெற்றோர் கூறுவதைவிடச் செய்வதே பிள்ளைகளின் மனத்தில் பதிகிறது. வெற்று ஷாம்பு உறையைப் பாறையிடுக்கில் செருகும் தாயின் மகள், நீர்வளம் காப்போம் என்னும் தலைப்பில் எத்துணைக் கட்டுரை எழுதினாலும் பயன் இராது.

குரங்குகளுக்கு உணவளிப்பதும் அவ்வாறே. மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் தம் குற்றாலக் குறவஞ்சியில் பாடிய வானரங்கள் காட்டுக் கனிகளைத் தின்று வாழ்ந்தவை. இன்று சாலையோரத்தில் அமர்ந்திருக்கும் குரங்குகளோ நொறுக்குத்தீனிப் பைகளை எதிர்பார்த்துக் கையேந்துகின்றன. இரக்கத்தால் நீட்டிய உணவு, காட்டுயிரைச் சாலைக்குப் பழக்கிவிடுகிறது. அன்பு காட்டுவதற்கும் அறிவு வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அங்கேயே கற்கலாம்.

பாதுகாப்பு வளைவு

பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டும்போது குளிப்பதற்குத் தடை விதிக்கப்படுகிறது. நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாகத் தோன்றும். “ஒரு நிமிடம் நனைந்துவிட்டு வந்துவிடலாமே” என்று காவலரிடம் வாதிடும் பெற்றோரும் உண்டு.

2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்தது. பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அதில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அவன்மீதோ அவன் குடும்பத்தினர்மீதோ பிழை சுமத்துவதற்காக அந்நிகழ்வு இங்குக் கூறப்படவில்லை. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்து சேரலாம். “மழையே இல்லையே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்ற மகளின் வினா உயிர்காக்கும் வினாவும் ஆகும். அதன் விடையை அறிந்தவர், எச்சரிக்கை கேட்டவுடன் வாதிடாமல் கரையேறுவர். குளிக்காமல் திரும்பும் தாயைக் காணும் மகள், இயற்கையின்முன் பணிவது கோழைத்தனம் அன்று எனக் கற்றுக்கொள்கிறாள்.

இன்பத்துக்கு இடையூறா?

ஓய்வுக்காகச் சென்ற இடத்திலும் பாடம் வேண்டுமா என்று கேட்பவர் உண்டு. அவ்வினாவிலும் நியாயம் உள்ளது. ஆண்டு முழுவதும் தேர்வும் மதிப்பெண்ணுமாகக் கழிக்கும் மாணவர்க்கு அருவி இன்னொரு வகுப்பறை ஆகிவிடக் கூடாது. ஆயினும் சுவைத்தலும் அறிதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. குற்றாலத்தில் வாழ்ந்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாதர் கவிதையைச் சுவைப்பதையே வாழ்வாகக் கொண்டவர். ஆழ்ந்து சுவைப்பதற்கு ஊன்றிய கவனம் வேண்டும் என்பதே அவர் வாழ்வு உணர்த்துவது. கவிதைக்குப் பொருந்துவது அருவிக்கும் பொருந்தும்.

காடு திரும்பிய நகரம்

அழகைக் காண வருவோர் அதன் மூலத்தை மறப்பது குற்றாலத்துக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டின் கடற்கரை நகரமான ரியோ டி ஜெனிரோவில் பெற்றோரும் பிள்ளைகளும் கோபகபானா கடற்கரையையும், கொர்கோவாடோ மலையுச்சியில் 1931-இல் எழுப்பி முடிக்கப்பட்ட கிறித்து சிலையையும் கண்டு மகிழ்கின்றனர். அம்மலையைச் சூழ்ந்துள்ள திஜுக்கா காட்டின் வரலாற்றை அறிவோர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காக அக்காடு அழிக்கப்பட்டது. நகருக்கு நீர் தந்த ஓடைகள் வற்றலாயின. 1861-இல் இரண்டாம் பெத்ரோ மன்னரின் ஆட்சியில் மரம் நடும் பணி தொடங்கியது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோரின் உழைப்பால் பல்லாயிரம் கன்றுகள் நடப்பட்டன. காடு மீண்டும் தழைத்தது. நீரை வேண்டுவோர் காட்டைக் காக்க வேண்டும் என்பதை அந்நகரம் இழந்து கற்றது. குற்றாலம் இழக்காமலே கற்கலாம்.

பின்வருவோருக்காக

மாலையில் தாயும் மகளும் தென்காசி காசி விசுவநாதர் கோயிலின்முன் நிற்கின்றனர். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் அது. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேர்ந்தால் அதனைச் சீர்செய்து காப்பவரை இப்போதே பணிகிறேன் என்னும் பொருள்பட அம்மன்னன் கல்வெட்டில் பொறித்து வைத்தான். சிதைந்து கிடந்த இராசகோபுரம் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்து, 1990-ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டது.

மனிதர் கட்டிய கோபுரம் சிதைந்தால் மீண்டும் கட்டலாம். அருவியை எவராலும் கட்ட முடியாது. காக்க மட்டுமே முடியும். தான் காணாத தலைமுறையை எண்ணிப் பணிந்த மன்னனின் மனம், அருவிக்கரையில் நிற்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் வேண்டும். அம்மனம் வாய்த்த தாயுடன் ஊர் கண்டு திரும்பும் மகள், பின்னொரு நாள் தன் மகளையும் அதே அருவிக்கு அழைத்துவருவாள். அன்றும் அருவி விழ வேண்டும்.