மலைமேல் பழி போடலாமா?

மலைச்சரிவில் மனிதர் மடியும் ஒவ்வொரு முறையும் இரண்டு தொடர்கள் தவறாமல் ஒலிக்கின்றன. செய்தித்தாள்கள் 'இயற்கையின் சீற்றம்' என்கின்றன. நாம் 'கடவுளின் சித்தம்' என்கிறோம். இரண்டும் ஆறுதல் மொழிகளாகவே தோன்றுகின்றன. ஆயின் அவை செய்யும் வேலை வேறு. எளியவர் எங்கே குடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களை அவை விசாரணையினின்று தப்புவிக்கின்றன. மழை விண்ணிலிருந்து வருவது உண்மையே. ஆனால் எந்தச் சரிவின் அடியில் வீடு கட்டுவது என்பது மண்ணில் வாழும் மனிதர் எடுக்கும் முடிவு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதை நாம் இனியேனும் நிறுத்தியாக வேண்டும்.

இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டம் உள்ளது. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் அங்கிருந்த லயன் வரிசைகள் மண்ணுக்குள் புதைந்தன. பள்ளிக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். ஆனால் அவர்கள் திரும்பி வர வீடுகள் இல்லை. புதையுண்டோர் பலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. இதனை எதிர்பாராத விபத்து என்று எவரும் சொல்வதற்கில்லை. அந்நாட்டின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும், மீண்டும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கையை மக்கள் பொருட்படுத்தவில்லை என்று பின்னர்ச் சிலர் சொன்னார்கள். நாம் கேட்கிறோம்: எங்கே போயிருப்பார்கள்? தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் காட்டில் உழைத்தும் சொந்தமென்று ஓரடி நிலமற்றவர்கள் அவர்கள். 'எழுந்து போ' என்று சொல்லத் தெரிந்தவர்கள் 'இதோ, இந்த நிலத்துக்கு வா' என்று சொல்லவில்லை. இடம் காட்டாத எச்சரிக்கை அரை எச்சரிக்கையே.

ஆறாண்டுகள் கழித்துக் கேரளத்தின் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் அதே அவலம் நிகழ்ந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, தேயிலைத் தோட்ட லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். அவர்கள் தமிழர்கள்; பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதி. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால் நடந்தது வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. சேற்றுக்குள் சிக்கியவர்க்கு ஒவ்வொரு மணித்துளியும் உயிர். அவ்வாறிருக்க, ஓர் இரவு முழுவதும் நாம் இழந்தோம். மழை மிகும் என்று அறிந்திருந்தும், மாற்றுத் தொடர்புக்கு ஏற்பாடு செய்யாதது மலையின் குற்றமா?

நிலச்சரிவு எந்த நொடியில் நிகழும் என்று சொல்வது கடினம். எங்கே நிகழக்கூடும் என்று சொல்வது அத்துணைக் கடினமன்று. நீர் மண்ணுக்குள் இறங்கிக் கீழுள்ள பாறைமேல் தேங்குகிறது. மண்துளைகளில் அதன் அழுத்தம் ஏற ஏற, மண்ணின் பிடிப்பு தளர்கிறது. சரிவின் அடிப்பாகத்தைச் சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ வெட்டிய இடங்களிலும், ஓடையை மறித்து நீர்வழியை அடைத்த இடங்களிலும் ஆபத்து பெருகுகிறது. முன்பு சரிந்த பள்ளங்களே மீண்டும் சரிகின்றன. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று, சட்டத்தில் இறுகிப்போகும் கதவு ஆகிய அடையாளங்களை மலைவாழ் மக்கள் நன்கறிவர். அவர்களிடம் கேட்பார்தாம் இல்லை.

நம் நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. அறிவியலார் வாளாவிருக்கவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2014இல் தொடங்கி, நாட்டின் மலைப்பகுதிகளுக்கு நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களை உருவாக்கியுள்ளது. அந்த வரைபடங்களின் அளவு 1:50,000. அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் அரைக் கிலோமீட்டர். மாவட்டம் முழுமைக்கும் திட்டமிட அது உதவும். இந்தத் தெருவில் வீடு கட்டலாமா, அந்த ஓடைக்கரையில் பள்ளி கட்டலாமா என்பதற்கு அது விடை தராது. அதற்கு இன்னும் நுணுக்கமான வரைபடம் வேண்டும். வரைபடம் சிவப்பு என்று காட்டிய இடத்தில் கட்டட அனுமதி மறுக்கும் துணிவும் வேண்டும். முன்னது பணத்தால் கிடைக்கும். பின்னது மனச்சான்றால் மட்டுமே கிடைக்கும்.

இங்கே நம் வீட்டுக் கணக்கையும் நாம் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். மேற்குத் தொடர்ச்சி மலை குறித்து மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் அறிக்கை அளித்தது. வயநாட்டின் வைத்திரி வட்டம் அதில் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைக்கப்பட்டது. அவ்வறிக்கைக்கும், அதன்பின் வந்த கஸ்தூரிரங்கன் குழு அறிக்கைக்கும் எதிராக 2013இல் கேரள மலைப்பகுதிகள் கொந்தளித்தன. அப்போராட்டத்தில் திருச்சபைத் தலைவர்கள் சிலரும் முன்னின்றனர். குடியேறிய உழவர் தம் நிலத்தை இழப்போமென்று அஞ்சியது பொய்யச்சமன்று. அதிகாரிகளின் கையில் ஏழை படும் பாட்டை அறிந்தவர் எவரும் அவர்களைப் பழிக்கமாட்டார். ஆயினும், கிராம சபைகளிடம் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்று காட்கில் அறிக்கை கூறிய பகுதியைப் பங்கு மக்களுக்கு எத்தனை பேர் எடுத்துரைத்தோம்? 2024 ஜூலை 30 அதிகாலையில் அதே வைத்திரி வட்டத்து முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன; 250க்கும் மேற்பட்டோர் மறைந்தனர். அறிக்கை ஏற்கப்பட்டிருந்தால் அந்த மலை சரிந்தே இராது என்று நாம் வாதிடவில்லை. சரியும் மண் எவ்வழி பாயும், அவ்வழியில் எவர் வீடு உள்ளது என்ற உரையாடலேனும் ஊர்தோறும் நடந்திருக்கும். அச்சத்துக்குக் குரல் கொடுத்த நாம், ஆபத்துக்கும் குரல் கொடுத்திருக்க வேண்டும்.

'இதெல்லாம் ஆகிற காரியமா?' என்பார் உளர். ஆங்காங்கைப் பார்க்கட்டும். 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகள் அந்நகரில் 138 பேரை விழுங்கின. 1976இல் மீண்டும் ஒரு சரிவு உயிர்களைக் கொள்ளைகொண்டபின், 1977இல் சரிவுகளைக் கண்காணிக்கவென்றே ஓர் அரசு அலுவலகம் நிறுவப்பட்டது. இன்று அங்கே ஏறத்தாழ 60,000 செயற்கைச் சரிவுகளுக்குத் தனித்தனி எண்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் பேண வேண்டியவர் யாரென்பதும் பதிவாகியுள்ளது. மழை அங்கே குறையவில்லை. மலை தாழவும் இல்லை. சாவு மட்டும் பெரிதும் குறைந்தது. அது செல்வ நகரம் என்று தட்டிக் கழிக்க வேண்டா. ஒரு சரிவுக்குப் பொறுப்பாளி யாரென்று எழுதி வைக்கச் செல்வமா வேண்டும்?

இலங்கையிலும் எளிய அளவுகோல் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 மி.மீ. என்றால் எச்சரிக்கை, 150 மி.மீ. என்றால் வெளியேற வேண்டும். அளவுகோல் இருந்தும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் தாக்கியபோது அந்நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் மலையகத்து மண்சரிவுகளில் சிக்கியவர்கள். எண் மட்டும் மனிதரைக் காப்பதில்லை. அதை நள்ளிரவில் யார் கதவைத் தட்டிச் சொல்வது, நடக்க இயலாத முதியவரை யார் தூக்கிச் செல்வது, எந்தப் பாதை வழியே எந்தக் கட்டடத்துக்குப் போவது என்பவை மழைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இந்தியாவிலும் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது. அது முதற்கட்டமாக அறிக்கை வழங்கும் மாவட்டங்களுள் நீலகிரியும் ஒன்று. அவ்வறிக்கை ஆட்சியரகத்தோடு நின்றுவிடாமல் கடைசி லயத்தின் கடைசி வீடு வரை செல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆளாக நாம் ஏன் இருக்கலாகாது? மலைப்பங்குகள் ஒவ்வொன்றிலும் ஆலயமணி இருக்கிறது, அன்பியங்கள் இருக்கின்றன, வீடு வீடாக ஆட்களை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மழைமானி பெருஞ்செலவன்று. பங்கு மன்றம் ஆபத்தான வீடுகளையும், அவற்றிலுள்ள நோயாளர், முதியோர், கருவுற்ற பெண்களையும் பட்டியலிட ஒரு ஞாயிறு போதும். நம் ஆலயக் கூடமே சரிவின் வழியில் நிற்கிறதா என்று வல்லுநரைக் கொண்டு முதலில் சோதிக்க வேண்டும். புகலிடம் என்று அழைத்துப் புதைகுழியில் சேர்த்த பாவம் நம்மைச் சேரலாகாது.

ஆனால் தொண்டோடு நாம் நின்றுவிடக் கூடாது. சரிவின் கீழ் வாழ்வோர்க்குப் பாதுகாப்பான இடத்தில் பட்டாவோடு நிலம் கேட்க வேண்டும். தொழிலாளரை ஆபத்தான லயங்களில் வைத்திருக்கும் நிர்வாகங்களைக் கணக்குக் கேட்க வேண்டும். மலை விளிம்பில் எழும் மாளிகை விடுதிகளுக்கு அனுமதி தந்தவர் யாரென்று கேட்க வேண்டும். அவ்விடத்தில் எழுவது நம் நிறுவனத்தின் கட்டடமே ஆயினும் கேட்க வேண்டும்.

புது வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுபவனின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சாரும் என்பது இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தின் கட்டளை. விழுந்தவனைக் கவனமற்றவன் என்று அச்சட்டம் ஏசவில்லை. கடவுளின் சித்தம் என்று கைகழுவவும் இல்லை. கட்டியவனையே கேட்கிறது. நாமும் அவனையே கேட்போம். அடுத்த மழைக்கு முன்பே கேட்போம்.